அத்தாயி சொன்ன பத்து

வாங்க கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. கதவோரம் நிற்கிறவங்களும் உள்ளே வாங்க, இடம் இருக்கிறது. வலியைப் பற்றி ஒரு கதை சொல்லப்போகிறேன். பயப்படாதீங்க, கேட்கிறவங்களுக்கு வலிக்காது. யாரையும் நம்பாத ஒரு பொம்பளையின் கதை. நம்பாமல் இருந்ததற்கு அவளிடம் நியாயமும் இருந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஃபேக்டரி. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவாக்கி, மணி மணியாக உருட்டி, சூடான இரும்புத் தட்டில் போட்டு வறுத்தால் ஜவ்வரிசி. அந்த வறுக்கிற தட்டில் நிற்கிறவள் அத்தாயி. வயது நாற்பத்திரண்டு. பதினெட்டு வருஷமாக அதே தட்டு, அதே கரண்டி, அதே புகை. புகையில் நின்று நின்று நெஞ்சில் எப்போதும் ஒரு கரகரப்பு. புருஷன் வீரன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை, தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் அத்தாயிக்குக் கால் வழுக்கியது. விழப்போனவள் எதையாவது பிடிக்கப் பார்த்து, இடது கையைத் தட்டின் மேலேயே ஊன்றிவிட்டாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

தீக்காயத்துக்குக் கட்டுப் போடுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பிரிப்பதைத்தான் தாங்க முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை பத்து மணிக்கு, காயத்தோடு ஒட்டிப்போன துணியைத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து உரித்து, செத்த தோலைக் கத்தரித்து, கழுவி, மருந்து வைத்து, மறுபடியும் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் வலிக்கு ஒரு ஊசி போடுவார்கள். அந்த ஊசி வலியில் பாதியைத் தின்னும். மீதிப் பாதியை அத்தாயிதான் தின்றாக வேண்டும். முதல் இரண்டு தடவை அவள் போட்ட சத்தத்தில், கீழே மருந்துக் கடையில் நின்றவர்கள் வாங்க வந்ததை மறந்து மேலே அண்ணாந்து பார்த்தார்களாம்.

மூன்றாவது கட்டு அன்றைக்கு, காலையிலேயே ஒரு பெண் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயசு இருக்கும். வெள்ளைக் கோட்டு இல்லை. தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு.

"அக்கா, நான் தனப்பிரியா. கட்டுப் பிரிக்கறப்ப வலி கொஞ்சம் குறையறதுக்கு, பாட்டு வெச்சுப் பாக்கலாம்னு வந்திருக்கேன்."

அத்தாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பாட்டுங்களா?"

வீரன் முந்திக்கொண்டான். "அப்ப ஊசி?"

"ஊசியும் உண்டுங்கண்ணா. பாட்டு அதுகூடச் சேர்த்துத்தான். அக்கா, இப்ப வலி எத்தனைன்னு சொல்லுங்க. ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம். இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா பத்து."

"எதுக்குங்க அம்முணி நம்பரு?"

"எழுதி வெச்சு டாக்டர்கிட்டக் காட்டணுங்க்கா."

எழுதி வைப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தாயியின் உடம்பு தானாகவே உஷாராகிவிட்டது. ஏன் என்று கேளுங்க.

சேகோ ஃபேக்டரியில் பெரியசாமி என்று ஒரு மேஸ்திரி. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் நோட்டும் கையுமாக வருவார். "என்ன அத்தாயி, இன்னைக்குத் தட்டு எப்படி இருந்துச்சு?" என்று அண்ணன் விசாரிப்பது மாதிரி விசாரிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அத்தாயி வெள்ளந்தியாக, "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் போனால் அவளுக்கு ஒரு தட்டுக்கு இரண்டு தட்டு. கேட்டதற்கு, "பரவால்லைன்னியே சாமி" என்றார். அன்றிலிருந்து அத்தாயியும் அங்கே இருக்கிற பொம்பளைகள் அத்தனை பேரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள்: "உசுரு போகுதுங்க." கரண்ட் போய் அரை நாள் சும்மா உட்கார்ந்து வெற்றிலை மென்ற அன்றைக்குக்கூடக் கேட்டால், "உசுரு போகுதுங்க." பதினெட்டு வருஷத்தில் அதற்கப்புறம் ஒரு தட்டு கூடவில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் நோட்டும் பேனாவுமாக ஒருத்தி வந்து, அன்பாக, எவ்வளவு வலி என்று கேட்டால் அவள் என்ன நினைப்பாள்?

"பத்துங்க" என்றாள் அத்தாயி.

தனப்பிரியா எழுதிக்கொண்டாள். அவள் அந்தண்டை போனதும், பக்கத்துக் கட்டிலிலிருந்து பாப்பாயி தலையைத் தூக்கினாள். இளம்பிள்ளை ஊர்க்காரி, அறுபது வயசு. சர்க்கரைப் புண்ணோடு காலைத் தலையணை மேல் வைத்து ஒரு மாதமாக அந்தக் கட்டிலில் இருக்கிறாள். வார்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்த நர்சுக்கு எப்போது கோபம் வரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நல்லாச் சொன்ன சாமி. அதுல இருந்து எறங்கிப்போடாத."

"ஏனுங்க்கா?"

"கொறைச்சுச் சொன்னா மருந்தைக் கொறைப்பாங்க. அப்புறம் கட்டிலைக் காலி பண்ணுன்னு சொல்லுவாங்க. நான் வந்த நாள்ல இருந்து பத்துலயே நிக்கறேன். ஒருக்கா வாய் தவறி எட்டுன்னு சொல்லிப்போட்டேன். அன்னைக்கு ராத்திரி மாத்திரையில ஒண்ணைக் காணோம்!"

வீரன் மனைவியைப் பார்த்தான். "கேட்டுக்கிட்டயா புள்ள? பாட்டைப் போட்டுப்போட்டு ஊசியை நிறுத்தறதுக்குத்தான் இந்தப் பிள்ளை வந்திருக்குது."

அத்தாயிக்கும் அதுதான் தோன்றியது. இல்லாவிட்டால் அவளுடைய வலி எத்தனை என்று தெரிந்து இவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?

கட்டுப் பிரிக்கிற அறையில், தனப்பிரியா அவள் காதில் பெரிய ஹெட்போனை மாட்டினாள். புல்லாங்குழல். நன்றாகத்தான் இருந்தது, குளக்கரைக் காற்று மாதிரி. ஆனால் நர்ஸ் சுகன்யாவின் வாய் அசைவது தெரிகிறது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. தன் கையைப் பற்றித்தானே பேசுகிறாள்? விரலை எடுக்க வேண்டும் என்று பேசினால்? அத்தாயி நல்ல கையால் ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

"காதை அடைச்சுப்போட்டு என்னுங்க பேசிக்கறீங்க?"

சுகன்யா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இந்தக் கொங்குச் சீமைதான். "பஞ்சு தீந்துபோச்சு, எடுத்தாங்கன்னு சொன்னனுங்க்கா. வேற ஒண்ணும் இல்லீங்."

பஞ்சுதானாம். பஞ்சு என்று சொல்வதற்கு இத்தனை நேரம் வாய் அசையுமா? அத்தாயி நம்பவில்லை. அன்றைக்கும் கீழே மருந்துக் கடைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். முடிந்ததும் தனப்பிரியா கேட்டாள். பத்து. அது பொய்யில்லை, நிஜமாகவே பத்துதான்.

மறுநாள் தனப்பிரியா மறுபடியும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். "நேத்து என் தப்புங்க்கா. உங்களுக்கு என்ன பிடிக்கும்னே கேக்காம நானா ஒண்ணைப் போட்டுட்டேன். காதுல மாட்டியிருக்கவும் கூடாது. உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

அத்தாயிக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று நாற்பத்திரண்டு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இந்தக் கேள்வியிலும் என்ன கொக்கி இருக்கிறது என்று தேடினாள். "எனக்குப் பாட்டெல்லாம் ஒண்ணும் பிடிக்காதுங்க" என்றாள்.

வீரன் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தவன், யோசிக்காமல் வாயைத் திறந்துவிட்டான். "யாரு, இவளுக்கா? கும்மின்னா சோறு தண்ணி வேண்டாமே! எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு மூணு மணி நேரம் நிக்காம ஆடுவா. இருங்க, போன்ல இருக்குது."

அத்தாயி அவனை முறைத்த முறைப்பில் கிளாஸில் இருந்த டீ ஆறிப்போயிருக்கும். ஆனால் போன் ஏற்கெனவே தனப்பிரியாவின் கைக்குப் போய்விட்டது.

"உங்களை யாருங்க மாமா கேட்டா?" என்று தனப்பிரியா போனதும் அவனைப் பிடித்துக்கொண்டாள் அத்தாயி. "ஊசியை நிறுத்தறதுக்கு வந்தவன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் நீங்களே போனை எடுத்து நீட்டறீங்க!"

"வாயில வந்திருச்சு புள்ள. நீ ஆடறதைப் பத்திக் கேட்டா எனக்கு நிறுத்தத் தெரியாது" என்றான் வீரன்.  அத்தாயி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளோ என்னமோ.

நான்காவது கட்டு. இந்தத் தடவை காதில் எதுவும் இல்லை. ஜன்னல் மேல் சின்னதாக ஒரு ஸ்பீக்கர். சுகன்யா பேசுவதும் கேட்டது, கத்தரி வைக்கிற தட்டின் ஓசையும் கேட்டது. துணியை நனைக்க ஆரம்பித்ததும் அத்தாயியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரத்துக்குப் பாட்டு வந்தது. அவர்கள் ஊர்க் கும்மிதான். கும்மி சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரின் கரகரக் குரல், நாற்பது பெண்களின் கைத்தட்டு, நடுவில் ஒரு குழந்தை அழுவதுகூட அப்படியே இருந்தது. ஆனால் என்ன இது? எடுத்த எடுப்பிலேயே கடைசிச் சுற்று!

கும்மியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மெதுவாகத் தொடங்கும், போகப் போக வேகம் ஏறும், கடைசிச் சுற்றில் கால் தரையில் நிற்காது. இந்தப் பெண் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வாலை முன்னாலும் தலையைப் பின்னாலும் ஒட்டியிருக்கிறாள்.

"ஏம்மிணி, கும்மியைத் தலைகீழா ஒட்டியிருக்கறீங்க?"

"வேணும்னுதாங்க்கா. இப்ப உங்க நெஞ்சு வேகமா அடிக்குதுல்ல? பாட்டும் அதே வேகத்துல கூட ஓடும். அப்புறம் பாட்டு மெதுவா இறங்கும். நெஞ்சும் அதுகூட இறங்குமான்னு பாக்கலாம்."

என்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள், போகக்கூடாது என்று அத்தாயி பல்லைக் கடித்தாள். ஆனால் கால் கேட்டால்தானே? கட்டில் விளிம்பில் பெருவிரல் தாளம் போட ஆரம்பித்தது. கையில் நெருப்பு இருந்தது. இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் கும்மி வட்டத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம் மாதிரி, அது கொஞ்சம் தள்ளி நின்றது. அத்தாயி வட்டத்துக்குள் இருந்தாள். இந்தப் பக்கம் நாத்தனார், அந்தப் பக்கம் எதிர்வீட்டு அங்கம்மாள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. சுற்று மெல்ல மெல்லத் தணிந்து, வாத்தியார் முதல் அடியை எடுத்துக் கொடுக்கிற இடத்துக்கு வந்தபோது, "அவ்வளவுதானுங்க்கா, கட்டியாச்சு" என்றாள் சுகன்யா.

அத்தாயி கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள். வெள்ளைத் துணி. தொண்டை வறண்டிருக்கவில்லை. கத்தவே இல்லை.

தனப்பிரியா நோட்டைத் திறந்தாள். "எத்தனைங்க்கா?"

நாலு. உள்ளுக்குள் அந்த நம்பர் தெளிவாக இருந்தது, நாலு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தனப்பிரியாவின் பேனா தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருப்பதை அத்தாயி பார்த்தாள். பெரியசாமி மேஸ்திரியின் பேனாவும் இப்படித்தான் காத்திருக்கும்.

"பத்து."

சுகன்யாவுக்கு ஆச்சரியம். "இன்னைக்கு ஒரு சத்தமும் காணோமுங்களே?"

"உள்ளுக்குள்ள கத்துனேன்" என்றாள் அத்தாயி.

தனப்பிரியா, இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்த அந்தக் கால் பெருவிரலைப் பார்த்தாள். விரலில் மாட்டியிருந்த, நாடித்துடிப்பைக் காட்டுகிற கிளிப்பின் கணக்கைப் பார்த்தாள்.  பத்து என்றே எழுதினாள்.

வார்டுக்கு வந்ததும் பாப்பாயி கண்ணாலேயே கேட்டாள். அத்தாயி தலையசைத்தாள். "அப்படி இரு" என்றாள் பாப்பாயி. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு அத்தாயிக்கு இறங்கவில்லை. ஏமாற்றியவர்களுக்குத்தான் அந்த உறுத்தல் வரும் என்று இல்லை, ஏமாந்துவிடக் கூடாது என்று பயந்தவர்களுக்கும் வரும்.

மறுநாள் ரவுண்டுக்கு வந்த டாக்டர் நவநீதகிருஷ்ணன் தாளைப் புரட்டினார். பத்து, பத்து, பத்து. "பாட்டு இவங்களுக்கு எடுபடலை போலிருக்கே. விட்டுருங்க. ஊசியோட அளவைக் கூட்டிப் பாப்போம்" என்றார். தனப்பிரியா, "சார், நாடித்துடிப்பு..." என்று எதையோ சொல்லத் தொடங்கினாள். "நோயாளி சொல்றதுதாம்மா வலி. அவங்க பத்துன்னா பத்துதான்" என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நியாயமான மனுஷன்தான். அவள் சொன்னதை அப்படியே நம்பினார்.

வீரனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? ஊசியைக் கூட்டறாங்க. பத்துலயே நின்னதுக்குக் கெடச்சது!"

அத்தாயிக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடத்தில், ஜன்னல் மேல் அந்தச் சின்ன ஸ்பீக்கர் இருக்காதே என்ற நினைப்பு வந்தது.

ஐந்தாவது கட்டுக்குப் பெரிய ஊசி. போட்ட சற்று நேரத்தில் அறை சுற்ற ஆரம்பித்தது. குமட்டிக்கொண்டு வந்து, சுகன்யாவின் கையிலேயே வாந்தி. வலி போய்விட்டதா என்றால், அது எங்கேயும் போகவில்லை. மயக்கத்துக்குள் புகுந்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் குத்தியது. பதினெட்டு வருஷப் புகை குடித்த நெஞ்சு, மூச்சை இழுக்க மறந்து மறந்து இழுத்தது. கிளிப் மாட்டிய கருவி கீச்சிட்டது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று டாக்டர் ஓடி வந்தார். பாதிக் கட்டோடு மூடி, மூக்கில் ஆக்சிஜன் வைத்து வார்டுக்கு அனுப்பினார்கள்.

சாயங்காலம் டாக்டர் வந்து வீரனிடம் சொன்னார். "ஊசியை இதுக்கு மேல கூட்ட முடியாது, மூச்சு தாங்கலை. முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம்னாலும் இந்த நெஞ்சுக்கு ஆபத்து. ஆனா செத்த தோலை எடுக்காம விட்டா சீழ் வெச்சிரும். அப்புறம் விரல் மடங்காது. பழைய அளவு ஊசியோடதான் செய்யணும். அவங்க தாங்கிக்கணும்."

அவர் போனதும் வீரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தாயி கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். கரண்டி பிடிக்கிற விரல்கள். கும்மியில் தட்டுகிற கையும் இதுதான். ஒரு கையால் யார் கும்மி தட்டுவார்கள்?

"மாமா, அந்தப் பாட்டுக்காரப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"கூப்பிடுங்களேன்."

வீரன் குரலைத் தாழ்த்தினான். "உண்மையைச் சொல்லிப்போடுவயா? வேண்டாம் புள்ள. அப்புறம் இருக்கிற ஊசியும் போயிரும். பாட்டை மட்டும் வெச்சுக்கிட்டுத் தோலை உரிப்பாங்க."

"அதையும் அவகிட்டயே கேட்டுப்போடறேன்."

தனப்பிரியா வந்தாள். அத்தாயி ஸ்டூலைக் காட்டவில்லை, நிற்க வைத்தே கேட்டாள். "அம்முணி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். நான் நாலுன்னு சொல்லியிருந்தா ஊசியை நிறுத்தியிருப்பீங்களா?"

தனப்பிரியா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் உடனே "இல்லவே இல்லீங்க்கா" என்று சொல்லியிருந்தால், அத்தாயி அத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். மேஸ்திரிகள் எல்லாம் உடனே பதில் சொல்கிறவர்கள்.

"நிறுத்த மாட்டாங்க. ஆனா குறைப்பாங்க" என்றாள் தனப்பிரியா.

"பாத்தியா!" என்றான் வீரன்.

"குறைக்கத்தான் செய்வாங்கண்ணா. குறைஞ்சா வாந்தி வராது, மூச்சு இறங்காது. நான் அதை மறைக்கலை. ஆனா குறைச்சதுக்கப்புறம் வலிச்சா, மறுபடியும் கூட்டுவாங்க."

"கூட்டுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அத்தாயி.

"தெரியாதுங்க. ஒண்ணு பண்ணலாம். உங்க வலது கை நல்லாத்தானே இருக்கு? அதைத் தூக்குனா, அந்த நிமிஷமே கத்தரியைக் கீழ வெச்சிருவாங்க. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் சுகன்யாகிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசிடறேன்."

பக்கத்துக் கட்டிலில் பாப்பாயி பெருமூச்சு விட்டாள். "வார்த்தை நல்லாத்தான் இருக்குது" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஆறாவது கட்டு. பழைய அளவு ஊசி. எவ்வளவு மருந்து ஏறுகிறது என்று சிரிஞ்சின் கோட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அத்தாயி கையை நீட்டினாள். ஜன்னல் மேல் ஸ்பீக்கர். கடைசிச் சுற்று அடித்துக்கொண்டு வந்தது. சுகன்யா துணியை நனைத்து, நுனியைப் பிடித்தாள். இன்னும் இழுக்கவே இல்லை.

அத்தாயி வலது கையைத் தூக்கினாள்.

சுகன்யா விட்டுவிட்டாள். தட்டில் கத்தரி விழுந்த ஓசை கேட்டது. தனப்பிரியா பாட்டைத் தணித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அத்தாயி கையை இறக்கினாள். வேலை தொடங்கியது. அடுத்த நிமிஷம் மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் கத்தரி தட்டுக்குப் போனது. மூன்றாம் தடவை தூக்கியபோது சுகன்யாவால் தாங்க முடியவில்லை.

"கேக்கக் கூடாதுன்னாங்க, இருந்தாலும் கேக்கறேன். அத்தனை நோவுதுங்களா?"

"இல்ல சாமி. நிறுத்துவீங்களான்னு பாத்தேன்."

 சுகன்யா முகக்கவசத்துக்குள்ளேயே குலுங்கிச் சிரித்தாள். "மூணு தரம் பாக்கோணுங்களா? ஒருக்காப் பாத்தாப் பத்தாதா?"

"ஒருக்கான்னா யாரு வேண்ணாலும் நிறுத்துவாங்க" என்றாள் அத்தாயி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாக்கிலேயே கையைக் கட்டில் மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். "ஆகட்டும், உரிங்க."

அன்றைக்குக் கட்டு முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று, போன தடவை விட்ட பாதியும் சேர்ந்து. வட்டம் வேகமாகச் சுற்றி, நடந்து, கடைசியில் நின்று தட்டுகிற இடத்துக்கு வந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை, சுண்டுவிரல் இடுக்கில் கத்தரி போனபோது, வலது கை மேலே எழுந்தது. அது சோதனை இல்லை. அப்போதும் நிறுத்தினார்கள்.

தனப்பிரியா நோட்டைத் திறந்தாள். எதுவும் கேட்கவில்லை, வெறுமனே காத்திருந்தாள்.

"நாலு" என்றாள் அத்தாயி. பேனா தாளைத் தொடுவதற்குள், "நாலரையாப் போட்டுக்கங்க" என்று சேர்த்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல கும்மி போட்ட அன்னைக்கும் நாலுதான். பத்துன்னு பொய் சொன்னேன்" என்றாள்.

"தெரியுங்க்கா."

"தெரிஞ்சு ஏன் பத்துன்னு எழுதுனீங்க?"

"உங்க வலிக்கு நான் நம்பர் போட முடியாதுல்லைங்களா."

வார்டுக்கு வந்தபோது பாப்பாயி கேட்டாள். "எத்தனை?"

"நாலரை."

பாப்பாயி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூலிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பேச்சு பேசி வைத்திருக்கும்போது, ஒருத்தி மட்டும் மேஸ்திரியிடம் "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்த முதுகு. அத்தாயிக்குச் சுருக்கென்றது. வீரன் அன்றைக்கு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

ஏழாவது கட்டுக்கு ஊசியின் அளவு கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. சிரிஞ்சின் கோட்டைப் பார்த்தவுடனேயே அத்தாயிக்குத் தெரிந்துவிட்டது. ஆக, நம்பரைக் குறைத்தால் மருந்தைக் குறைக்கத்தான் செய்கிறார்கள். பாப்பாயி சொன்னது பொய்யில்லை.  அன்றைக்கு முழங்கை மடிப்பில் வேலை. புதிதாக உணர்ச்சி வந்திருந்த இடம். கும்மி ஓடிற்று, ஆனால் வட்டத்துக்குள் நிற்க முடியவில்லை. வலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, கையைப் பிடித்து இழுத்தது. அத்தாயி வலது கையைத் தூக்கினாள்.

கத்தரி நின்றது.

"எட்டு" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. பல்லைக் கடித்துக்கொண்டு, "பொய்யில்லை, எட்டு" என்றாள்.

தனப்பிரியா எட்டு என்று எழுதினாள். போன தடவை நாலரை என்றாயே என்று யாரும் கேட்கவில்லை. சுகன்யா போனில் டாக்டரிடம் பேசினாள். அவர் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட்டிக்கலாம், மூச்சைப் பார்த்துக்கிட்டே கொடுங்க" என்றார். இன்னொரு சின்ன சிரிஞ்ச் வந்தது. அத்தாயி அதன் கோட்டை உற்றுப் பார்த்தாள். ஏறிய நம்பருக்கு மருந்தும் ஏறியது. பெரியசாமியின் நோட்டில், ஒருதரம் கூடின தட்டு யார் கெஞ்சியும் குறைந்ததில்லை.

பத்து நிமிஷம் பொறுத்து, பாட்டை மறுபடியும் முதலிலிருந்து, அதாவது கடைசியிலிருந்து, போட்டார்கள்.

வார்டில் பாப்பாயி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அத்தாயி தானாகவே சொன்னாள். "இன்னைக்கு எட்டுங்க்கா. சொன்னேன். கூட்டிக் குடுத்தாங்க."

"நெசமாவா?"

"கோட்டைப் பாத்தனுங்க."

 ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு ரோட்டில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டே இருந்தன.

"அந்தப் பொண்ணுகிட்ட ரேடியோல வர்ற பழைய பாட்டெல்லாம் இருக்குமா?"

"கேட்டாத்தானே தெரியும்."

"கேட்டு வை. என் காலுக்கும் வெச்சுப் பாக்கட்டும்" என்றாள் பாப்பாயி. அப்புறம் போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டு, "ஆனா நம்பரு, நான் இப்போதைக்குப் பத்துலயே இருக்கறேன் சாமி. மூணு தரம் பாத்துட்டு, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. இத்தனை நேரம் சலிக்காமல் கேட்டீங்க. உங்க வீட்டுப் பெரியவங்க நல்ல தூக்கம் தூங்கட்டும், குழந்தைகள் காய்ச்சல் தலைவலி இல்லாமல் ஓடியாடட்டும். யாருக்காவது ஒரு நோவு வந்துவிட்டால், அவர்கள் சொல்வதை அப்படியே காதில் வாங்கிக்கொள்கிற மனுஷர் ஒருத்தர் பக்கத்தில் இருக்கட்டும். உலை கொதித்து, விளக்கு எரிந்து, வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, உங்க குடும்பமெல்லாம் நல்லா இருக்கோணும் சாமி.